செபமாலை சொன்னார், என்னைக் கூப்பிடேல்லை

நாட்டில சண்டை ஓய்ஞ்சு இரண்டு மூண்டு வருசத்தால, மன்னார்ப் பக்கம் பேசாலையில எங்கட வீட்டில நடந்தது இது. என்ர மனுசனுக்குப் பாரிசவாதம் அடிச்சு வலக்கை விழுந்துபோச்சு. பேச்சும் நிண்டுபோச்சு. தண்ணி எண்டு கேக்கவும் ஏலாது.

ஒருநாள் பின்னேரம் நாங்கள் செபமாலை தொடங்க, அவர் "அருள் நிறைந்த மரியே" எண்டு தெளிவாச் சொல்லிக்கொண்டே போனார். நாப்பது வருசமா எங்கட வீட்டில முன்செபம் சொன்னவர் அவர்தான். முடிஞ்சதும் ஓடிப்போய், "என்னைக் கூப்பிடுங்கோ பாப்பம்" எண்டன். முகத்தைத் திருப்பிப்போட்டார்.

பக்கத்து வீட்டுக்காரி விடுவாளே? "மாதாவோட கதைக்கிறார், உன்னோடதான்டி கோவம்" எண்டு சிரிச்சாள். எனக்குச் சுருக்கெண்டது. வாதம் அடிக்க முதல்நாள்தான், இனிக் கடலுக்குப் போகவேண்டாமெண்டு அவரோட சண்டை பிடிச்சனான். அந்தக் கோவம்தான் எண்டு முடிவு கட்டிப்போட்டன். நானும் பணிஞ்சு போறவள் இல்லை. சோறு வாயில தீத்துவன், உடம்பு துடைப்பன். பதினெட்டு நாள் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை.

பிறகு மன்னார் ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கிற மிஸ்ஸிட்டை அவரைக் கூட்டிக்கொண்டு போனன். அவவோட வெள்ளாங்குளத்துப் பெட்டை ஒண்டு இருந்துது. பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதினை, ஏ.எல்., எழுதிப்போட்டு, இந்த வேலை தனக்குச் சரிவருமோ எண்டு பாக்க வந்ததாம்.

"இவர் நடிக்கிறார் மிஸ். செபம் மட்டும் நல்லாச் சொல்லுவார்" எண்டு முறையிட்டன்.

மிஸ் அவரைச் செபம் சொல்லவிட்டு, பாதியில கைகாட்டி நிப்பாட்டினா. "இப்ப விட்ட இடத்தில இருந்து சொல்லுங்கோ ஐயா."

வாயைத் திறந்தார். ஒண்டும் வரேல்லை. திரும்பவும் தெண்டிச்சார். நெத்தி வேர்த்துது. கடைசியா இடக்கையால தன்ர வாயிலேயே அடிச்சார். அந்தப் பெட்டை பாய்ஞ்சு கையைப் பிடிச்சுது.

"பாடமான செபம் தன்ர பாட்டில ஓடிவரும் அம்மா. நினைச்சுச் சொல்லுற சொல்லுத்தான் அம்பிடாது. உங்களைக் கூப்பிட ஒவ்வொரு நாளும் தெண்டிச்சிருப்பார்" எண்டா மிஸ்.

பெட்டை அவற்ர கையை விடவேயில்லை. "எனக்கு ஏலாதோ எண்டு யோசிச்சனான் மிஸ். இதைத்தான் படிக்கப்போறன்" எண்டுது.

நான் கதிரையை இழுத்து அவருக்குக் கிட்ட இருந்து, "பிழை என்னிலதான்" எண்டன்.

அதுக்குப் பேந்து அவர் இரண்டு வருசம் உயிரோட இருந்தார். ஒண்டிரண்டு சொல்லுச் சொல்லப் பழகினார். அந்தப் பெட்டையும் படிச்சு முடிச்சு வேலையில இருக்குதாம். எண்டாலும் அந்தப் பதினெட்டு நாளையும் நான் இன்னும் மறக்கேல்லை: எங்கள் இரண்டு பேரில பேச்சு இருந்தது என்னட்டை, அதைக் குடுக்காமல் இருந்ததும் நான்தான்.