பந்தல் மட்டும் பார்த்த தீவு

தோங்காங் துறைமுகத்தில் காலைப் படகுக்கு நிற்கிறவர்களில் பாதிப்பேர் கையில் பாவ்ஜூ கடைக் காகிதப் பை இருக்கும். உள்ளே முட்டைச் சுருள், முள்ளங்கி அடை, மேலே தாள் ஒட்டிய கோப்பையில் சோயாப் பால். எல்லாரும் எதிரே இருக்கும் சின்ன லியூச்சியூ தீவுக்குப் போகிறவர்கள். படகில் இருபத்தைந்து நிமிஷம். வானம் தெளிவாக இருந்தால் அங்கே கொடியில் காயும் துண்டின் நிறம்கூடத் தெரியும் என்பாள் பாவ்ஜூ. அது கொஞ்சம் மிகை. துண்டு தெரியும், நிறம் தெரியாது.

அந்தத் தீவில் அவள் கால் வைத்ததில்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம் ஆகிறது. ஆனால் அவளைப் போல அதைப் பற்றிச் சொல்ல இந்த ஊரில் ஆள் கிடையாது.

“ஆன்ட்டி, எப்ப போனா கூட்டம் இருக்காது?” என்று யாராவது கேட்பார்கள்.

“செப்டம்பர் ரெண்டாவது வாரம், திங்கக்கிழமை. பள்ளிக்கூடம் தொறந்திருக்கும், தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், ரூமு பாதி விலை. மிளகாய் போடவா?”

“நீங்க அடிக்கடி போவீங்களோ?”

“மிளகாய் போடவான்னு கேட்டேன்.”

போனவர்கள் மாலைப் படகில் திரும்பி வந்து, மூடப்போகிற கடையில் குளிர்ந்த சோயாப் பால் கேட்டு, செல்போனை அவள் மூக்குக்கு முன்னால் நீட்டுவார்கள். கடலாமை. பச்சையாக, வட்டமாக, ஒரு அவசரமும் இல்லாமல். இப்படி நாலாயிரம் ஆமைகளைப் பார்த்திருப்பாள், எல்லாம் உள்ளங்கை அகலத்தில். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: கண்ணாடித் திரைக்குள் இல்லாத ஒரு ஆமை.

குறுக்கே நின்றவர் புருஷன் ஜின்ஷ்வே. பேருக்குத் தங்கத் தண்ணீர் என்று அர்த்தம். ஆளுக்கு முழங்கால் ஆழத் தண்ணீரே பயம். அதை ஒத்துக்கொள்ள மாட்டார். விலை என்பார். உலகத்தில் எந்தப் பொருளுக்கும் ஒரு சீசன் உண்டு, புத்திசாலி அது முடிந்த பிறகு வாங்குவான் என்பது அவர் மதம். மின்விசிறியை மார்கழிக் குளிரில் வாங்கினார். நிலா கேக்கை நிலாத் திருவிழாவுக்கு மறுநாள் வாங்கினார். நாள்காட்டியை வருஷம் பிறந்து மூன்று மாதம் கழித்து, கடைக்காரன் தூக்கிப் போடப் போகும் நேரத்தில் வாங்குவார்.

கல்யாணமே அப்படித்தான். புயல் மாதத்தில் தெருப்பந்தல் வாடகை அடிமட்டம் என்று தேதி குறித்தார். மூன்றாவது பதார்த்தம் பரிமாறும்போது காற்று வந்தது. சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட அந்தப் பந்தல் கம்போடு கிளம்பி, மீன் சந்தைக்கு மேல் ஒரு சுற்று சுற்றி, கடலைத் தாண்டி, சின்ன லியூச்சியூவில் ஒரு கோயில் கூரையில் போய் உட்கார்ந்தது. நான் அன்றைக்கு ஏழாவது மேஜையில் இருந்தேன். கையில் இறால் இருந்தது. ஆக, பந்தல் தீவைப் பார்த்துவிட்டது. மணப்பெண்தான் இன்னும் பார்க்கவில்லை.

“சீசன் குறையட்டும், கூட்டிட்டுப் போறேன்” என்றார் மறுநாள். அந்த வாக்கியம் முப்பத்தொரு வருஷம் ஓடியது. கோடையில் கூட்டம். குளிர்காலத்தில் தண்ணீர் சில்லிடும், அவர் மூட்டுக்கு ஆகாது. வசந்தத்தில் சூரை மீன் வரும், கடையில் கூட்டம் தாங்காது. இலையுதிர் காலத்தில், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சாமிக்குக் கட்டிய ராஜாக்கப்பலை எரிக்கும் விழா, மற்ற வருஷங்களில் அதற்கான ஏற்பாடு; ஊரை விட்டு நகர முடியாது. மிச்சம் இருப்பது சந்திரக் கணக்கில் வரும் ஏழாம் மாதம். அப்போது எல்லாமே மலிவுதான்; ஏனென்றால் அந்த மாதம் பாதாளக் கதவு திறந்து அவர்கள் வெளியே வந்து உலவுவார்கள். பேய் என்று வாயால் சொல்லக் கூடாது. நல்ல அண்ணன்மார் என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீர்ப் பக்கம் போனால் அண்ணன்மார் காலைப் பிடித்து இழுப்பார்கள்.

இந்த வருஷம் பிப்ரவரியில் பாவ்ஜூ தோசைத் திருப்பியைக் கல்லின்மேல் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“இந்த வருஷம் தேதி சொல்லலேன்னா நான் கடையைப் பூட்டிட்டு நாளைக்கே படகு ஏறிடுவேன், யோவ்.”

“சொல்றேன், சொல்றேன். செப்டம்பர் எட்டு. ஏழாம் மாசம் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆயிருக்கும். பள்ளிக்கூடம் தொறந்தாச்சு. தண்ணி சூடு. பாதி விலைக்கும் கீழ ஒரு ரூமு பாத்து வச்சிருக்கேன். ஆனா ஒண்ணு, தேதி மாத்த முடியாது, பணமும் திரும்பாது.”

“மாத்தணும்னு யாரு கேட்டா?”

கணக்கு நேர்த்தியாகத்தான் இருந்தது. வருஷா வருஷம் ஏழாம் மாதம் பதினொரு நாள் முன்னால் வரும். போன வருஷத்து நாள்காட்டியை வைத்துப் பதினொன்றைக் கழித்தார். புது நாள்காட்டி வாங்க இன்னும் விலை இறங்கவில்லை.

ஜூலை கடைசியில், நாள்காட்டித் தாளைக் கிழித்த ஜின்ஷ்வே ‘முதல் நாள்’ என்ற எழுத்தைப் பார்த்தார். “இன்னைக்குக் கதவு தொறக்குது, படையல் வை” என்றார். பாவ்ஜூ கடைக்கு முன்னால் மேஜை போட்டாள். சாதம், அவித்த பன்றி இறைச்சி, பிஸ்கட், பழம், பீர். முகம் துடைக்க அண்ணன்மாருக்குப் புதுத் துண்டும் தண்ணீரும். தெருவில் வேறு யாரும் மேஜை போடவில்லை. எல்லாரும் சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டு ஊதுவத்தி ஏற்றினாள்.

எதிரே, சாமிக்கு எரிக்கும் காகிதக் கடை வைத்திருக்கும் லியென் அக்கா தெருவைக் கடந்து வந்து, மேஜையை இரண்டு முறை சுற்றிப் பார்த்தாள்.

“யாருக்கு இந்த விருந்து?”

“யாருக்கா? அண்ணன்மாருக்கு.”

“கதவு தொறக்க இன்னும் ஒரு மாசம் இருக்கேடி. பூட்டின கதவுக்குப் பின்னாடி நின்னு மோந்து பாத்துக்குவாங்களா?”

“இன்னைக்கு முதல் நாள்தானே அக்கா?”

“ஆறாம் மாசத்து முதல் நாள். இந்த வருஷம் ஆறாம் மாசம் ரெண்டு தடவை வருது. இப்படி மாசம் ரெட்டிச்சா கட்டிக்குடுத்த மக அம்மாவுக்குப் பன்னிக்கால் நூடுல்ஸ் கொண்டு வரணும்; உனக்கு ஒரு மக இருந்திருந்தா செஞ்சு கொண்டு வந்திருப்பா, அப்ப தெரிஞ்சிருக்கும். தைப்பேயில உக்காந்திருக்கிற மகனுக்கு என்ன தெரியும்.”

பாவ்ஜூ உள்ளே போய்க் கிழித்த தாளைக் குப்பையிலிருந்து எடுத்தாள். ‘முதல் நாள்’ பெரிதாக இருந்தது. அதற்கு மேலே, எறும்பு அளவில், ‘மறு ஆறாம் மாதம்’. விரல் விட்டு எண்ணினாள். செப்டம்பர் எட்டு, ஏழாம் மாதத்துக்கு நட்டநடுவில் நின்றது. மறுபடி எண்ணினாள். அங்கேயேதான் நின்றது.

அன்றைக்கு முட்டைச் சுருள் வாங்கினவர்கள் எல்லாருக்கும் கேட்காமலே மிளகாய் விழுந்தது.

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார் ஜின்ஷ்வே.

“அந்த நாள்காட்டியை எப்ப வாங்கின?”

“மார்ச்சுல. மூணுல ஒரு பங்கு விலை.”

“அதைத் தின்னு.”

ஆறு வாரம் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் ஆர்டர் மட்டும்தான். அவர் மூன்று சுருள் என்பார், அவள் மூன்று சுருளைப் போடுவாள். செப்டம்பர் எட்டாம் தேதி காலை, கடையைத் திறக்காமல், பாவ்ஜூ பையைத் தோளில் மாட்டினாள்.

“பைத்தியமா உனக்கு? அண்ணன்மார் ஊர் பூரா திரியறாங்க.”

“திரியட்டும். ஊரே இப்பத்தான் அவங்களுக்குச் சோறு போடுது. நான் ஒரு மாசம் முந்தியே போட்டவ. பீர் வேற. என் காலைப் பிடிச்சு இழுக்க எவனுக்கு மனசு வரும்?”

அவள் நடந்தாள்.

படகில் மொத்தம் ஐந்து பேர். கயிறு அவிழ்க்கும்போது ஜின்ஷ்வே மூச்சு வாங்க ஓடிவந்து ஏறினார். கழுத்தில், என்றைக்கோ ஒரு டிசம்பரில் வாங்கிய வாத்து மூக்கு வைத்த ரப்பர் வளையம்.

“பயம் போச்சா?” என்றாள்.

“ரூம்காரனுக்கு மறுபடி போன் பண்ணேன். பணம் தர மாட்டானாம்.”

தீவில் கடற்கரை காலியாக இருந்தது. ஜின்ஷ்வே தண்ணீரிலிருந்து இருபது அடி தள்ளி ஒரு பாறைமேல் கால்களை மடக்கி உட்கார்ந்தார். பாவ்ஜூ வாடகைக்கு எடுத்த மிதவைச் சட்டையும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு, வழிகாட்டும் தீவுக்காரப் பெண்ணின் பின்னால் இறங்கினாள். முகத்தை நீருக்குள் வைத்தாள். மணல், பாறை, புல். பிறகு பாறை என்று நினைத்தது தலையைத் தூக்கியது.

கரையில் ஜின்ஷ்வே பாறைமேல் எழுந்து நின்றார். அவள் ரொம்ப தூரம் போவதாகப் பட்டது. கூப்பிட வேண்டும். ஆனால் இந்த மாதம் தண்ணீர் ஓரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அண்ணன்மார் பெயரைத் தெரிந்துகொள்வார்கள். யோசித்தார். இரண்டு கையையும் வாயில் குவித்தார்.

“ரெண்டு முட்டைச் சுருள்! ஒண்ணுல மிளகாய் வேணாம்!”

முப்பத்தொரு வருஷப் பழக்கம். பாவ்ஜூவின் தலை தானாக மேலே வந்தது. மறுபடி குனிந்தபோது ஆமையின் பின்துடுப்பு மட்டும் புல்லுக்குள் மறைந்துகொண்டிருந்தது. அவள் கரையைப் பார்த்துச் சொன்னதை அச்சில் போட முடியாது. வழிகாட்டிப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

பாவ்ஜூ குழாயைக் கடித்துக்கொண்டு புல் பக்கம் துழாவிப் போனாள்.

“ஒரு சோயாப் பால், சர்க்கரை கம்மி” என்று கரையிலிருந்து வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டு சோயாப் பால்.” அவள் குழாய் நுனி ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் நின்றது, கீழே பச்சையாக, வட்டமாக ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜின்ஷ்வே பட்டியல் முழுவதையும் கூப்பிட்டு, கடைசியாக முள்ளங்கி அடை வரைக்கும் வந்தார். ஒரு ஆர்டரையும் யாரும் எடுக்கவில்லை.