சுவரைப் பார்க்கும் மூத்ததேவி

திண்டிவனம் போகும் வழியில், ஆளரவமற்ற பூங்காவுக்குள் இருக்கும் சின்னச் சிற்பக்கூடத்தில் நிற்கிறேன். சோழர் காலத்து மூத்ததேவியைப் பார்க்கத்தான் விழுப்புரத்தில் இறங்கினேன். அவளோ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

“ஏன் திருப்பி வச்சிருக்கீங்க?” என்று காவலாளியிடம் கேட்கிறேன்.

“கல்யாண ஜோடிங்க போட்டோ எடுக்க வர்றாங்க சார். மூதேவி மூஞ்சியில முழிச்சா பேஜாராயிடும்னு சண்ட போட்டுக்கினு இருந்தாங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு காலத்தில் கோயில் கட்டிக் கும்பிட்ட தெய்வம்! “உடனே திருப்பி வைங்க!”

“அன்னைக்கு நாலு பேரு ஜல்தியா வந்தானுங்க. இப்ப கூப்ட்டா எவனும் வர மாட்டேன்றான்.”

அதற்குள் மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி வருகிறது. மணப்பெண் அந்தக் கல் முதுகில் சாய்ந்துகொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அது யார் முதுகு என்று சொல்ல வாயெடுக்கிறேன். காவலாளி என் கையைப் பிடித்து வெளியே இழுக்கிறார்.