ஒரே கட்டிலைச் சுற்றி மூன்று பேர்

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயமுத்தூரில் பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தேன். நான் கொடுமுடிப் பெண். எங்கள் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் நர்சிங் கல்லூரியும் ஒரே ஆஸ்பத்திரியை ஒட்டித்தான் இருந்தன. ஆனாலும் நாங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. கேண்டீனில்கூட ஆளுக்கொரு மூலை.

இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன ஒரு பேராசிரியை ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். வெவ்வேறு படிப்புக்காரர்களைச் சேர்த்து உட்கார வைத்துப் பாடம் நடத்தினால், பிறகு வார்டிலும் சேர்ந்து வேலை செய்வார்களா என்று அவருக்குத் தெரியவேண்டும். வாராவாரம் சனிக்கிழமை மதியம் வகுப்பு. நான் போனதற்குக் காரணம், வகுப்பு முடிந்ததும் டீயும் பஜ்ஜியும் உண்டு என்று கேள்விப்பட்டதுதான்.

முதல் வகுப்பில் அவர் பாடமே எடுக்கவில்லை. மருத்துவ மாணவன் ஒருவனைத் தரையில் படுக்கச் சொன்னார். ஒல்லியான பையன். கோட்டைமேட்டில் அத்தர் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம். அதனால் அவன் சட்டை எப்போதும் மணக்கும்.

“இவர்தான் நோயாளி. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஸ்ட்ரெச்சர்ல ஏத்துங்க” என்று என்னையும் ஒரு நர்சிங் மாணவியையும் காட்டினார்.

அவள் காரமடைக்காரி. வாய் கொஞ்சம் நீளம். நான் தலைப்பக்கம் தூக்கினேன். அவள் இன்னும் குனியவே இல்லை. அவள் அவன் காலைத் தூக்கியபோது நான் மூச்சு வாங்க நின்றுவிட்டேன். அவன் பாதி ஸ்ட்ரெச்சரிலும் பாதி தரையிலுமாகத் தொங்கினான்.

“ஏனுங்க, நானு நெசமாலுமே நோயாளி ஆயிருவேனாட்டம் இருக்குதுங்களே!” என்று கத்தினான்.

அரங்கமே சிரித்தது. அவள் சிரித்துச் சிரித்துக் கையிலிருந்த காலையும் விட்டுவிட்டாள். அன்று பஜ்ஜி தின்னும்போது நாங்கள் மூவரும் ஒரே மேசையில் இருந்தோம்.

சில வாரம் கழித்துப் பேராசிரியை எங்கள் மூவரிடமும் ஒரே நோயாளியைக் கொடுத்தார். பல்லடத்துக்காரம்மா. பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய குரல். வார்டின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். கணவர் நேர் எதிர். வாயே திறக்க மாட்டார். தலைமாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே இருப்பார்.

சேர்ந்து படித்தோமே தவிர, வார்டுக்கு வந்ததும் பழைய குணம் திரும்பிவிட்டது. அவன் ஒரு நேரம், அவள் ஒரு நேரம், நான் ஒரு நேரம் என்று தனித்தனியாகப் போனோம். நான் எழுப்பி நிற்கவைத்தால் அந்த அம்மா உடனே உட்கார்ந்துவிடுவார். “கிறுகிறுன்னு வருது அம்மணி, உட்டுப்போடு” என்பார். பயந்துகொண்டு சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். தைரியம் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

ஒருநாள் காலை அவர் பொறுமை தீர்ந்துவிட்டது.

“டாக்டர் தம்பி வந்து தூங்குனீங்களாங்கறாரு, சிஸ்டரு வந்து தூங்குனீங்களாங்கறா, நீ வந்து தூங்குனீங்களாங்கற. நீங்க மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்தை இல்லீங்களா? ஒண்ணா வந்து ஒருக்கா கேட்டுப்போட்டுப் போங்க கண்ணு!”

வார்டே சிரித்தது. தூரத்தில் நின்றிருந்த பேராசிரியையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் மூவரும் சேர்ந்தே போனோம். நான் நிற்கவைத்தேன். வழக்கம்போல் தலை சுற்றியது.

“பிரஷர் நல்லாத்தானே இருக்குது? நேத்துக்கூடப் பாத்தேனே” என்றான் அவன்.

“எப்ப பாத்தீங்க? படுத்திருக்கறப்பத்தானே?” என்று கேட்டாள் அவள். “பிரஷர் மாத்திரை இப்பத்தான் சித்தெ முன்னாடி குடுத்தேன். தெனமும் இந்நேரந்தான் குடுக்கறது.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் நிற்கிற நிலையிலேயே அளந்து பார்த்தான். படுத்திருந்தபோது இருந்ததைவிட நன்றாகவே இறங்கியிருந்தது. மாத்திரை எந்நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் எந்நேரம் நிற்கவைக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. நிற்கும்போது என்ன ஆகிறதென்று அவனுக்குத் தெரியாது.

அவன் ஓட்டமும் நடையுமாகப் பெரிய டாக்டரிடம் போனான். அவர் வந்து தாமும் ஒருமுறை அளந்து பார்த்து, மாத்திரையைக் குறைத்து, சாயங்காலத்துக்கு மாற்றினார். “யாரு கண்டுபுடிச்சது?” என்று கேட்டார்.

“மூணு பேருந்தானுங்க சார்” என்றாள் காரமடைக்காரி. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

இரண்டொரு நாளில் அந்த அம்மா நின்றார். அடுத்த வாரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்தார். வெளியே எட்டிப் பார்த்து, “ஏனுங்க, இங்க வாங்க, நம்மூரு பஸ்ஸு போகுது பாருங்க!” என்று கணவரைக் கூப்பிட்டார். அவர் ஆரஞ்சைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார். பஸ்ஸைப் பார்க்கவில்லை, மனைவியின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வருடக் கடைசியில் பேராசிரியை தம் முடிவுகளை மூன்று கல்லூரிக்காரர்களுக்கும் முன்னால் சொன்னார். சேர்ந்து படித்தவர்கள் ஒருவரிடமொருவர் அதிகம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள் என்றார். இது சின்னக் குழு, இதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது, இன்னும் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார். அவ்வளவு நேர்மையாகப் பேசிய பிறகும் கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. அடுத்த வருடத்திலிருந்து சனிக்கிழமை வகுப்பு எல்லோருக்கும் உண்டு என்று மூன்று கல்லூரிகளும் அறிவித்தன.

அந்த விடுமுறையில் பல்லடத்திலிருந்து அழைப்பு வந்தது. மூவரும் பஸ் பிடித்துப் போனோம். வாசல் வரை வந்து, “வாங்க கண்ணு, வாங்க” என்று அந்த அம்மாவே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். இலை போட்டுக் கோழிக்குழம்பு வந்தது. அத்தர் வீட்டுப் பையன் மட்டும் குழம்பைத் தொடாமல், வெறும் ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத கணவர் அவனுக்கு எதிரில் வந்து குந்தினார்.

“சாப்புடுங்க தம்பி. பள்ளிவாசலுக்குப் பக்கத்துல பாய் கடைல சொல்லி அறுத்து வாங்கியாந்தேனுங்க” என்றார்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு இலையை அவர் பக்கம் நகர்த்தி, “அப்பறம் என்னங்க, நெறையா ஊத்துங்க” என்றான்.