கோழிக் காலும் கருவாட்டுத் தூளும்

போன மாதம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போதும் மனம் ஊரில், சரவணையில், எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டில்தான். காரணம்? கோழிகளின் கால்!

என் மனைவி புவனம் இறைச்சிக்காகப் புறொயிலர் கோழி வளர்க்கிறாள். இந்த முறை கோழிகள் எல்லாம் ஊர்காவற்றுறை மரியதாஸ் வீட்டுக் கலியாணத்துக்கு என்று பேச்சு. மரியதாஸ் கடற்றொழிலாளி. என் பழைய சிநேகிதன். அவனுடைய மூத்த மகளுக்குக் கலியாணம்.

ஒருநாள் காலை புவனம் கத்தினாள்.

"இஞ்சை ஓடி வாங்கோ! கோழி ஒண்டும் எழும்புதில்லை."

ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கால் கறுத்து, வெடித்து, புண்ணாகி... கீழே பரப்பிய உமி சேறாகிக் கிடந்தது. மழையே இல்லை. பிறகு ஈரம் எங்கிருந்து வந்தது?

அந்தக் கோழியைப் பெட்டியில் வைத்துக் கட்டி, சைக்கிளில் மிருக வைத்தியரிடம் ஓடினேன்.

"தண்ணி வழமையிலும் கூடக் குடிக்குதுகளோ?" என்று கேட்டார் அவர்.

"ஓம், வைக்க வைக்க முடியுது."

"அப்ப தீனிலை உப்புக் கூட. தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு எச்சமும் தண்ணியாப் போகுது. அந்த ஈரத்திலை நிண்டுதான் கால் புண்ணாகுது. என்ன குடுக்கிறியள்?"

வீட்டுக்கு வந்து சொன்னேன். புவனம் தீனியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள்.

"கடலே இருக்கு இதுக்குள்ளை!"

தீனியில் கலந்திருந்தது கருவாட்டுத் தூள். தந்தது யார்? மரியதாஸ்! "மீன்சத்து மாஸ்ரர், கோழியள் கெதியாப் பெருத்து வளரும்" என்று ஆசையாகச் சாக்கில் கொண்டுவந்து இறக்கியவன். அவனிடம் இதை எப்படிச் சொல்வது?

இரண்டு தரம் அவன் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி குடித்தேன். காற்று, கடல், இறால் என்று பேசினேன். சொல்லாமலே திரும்பி வந்தேன்.

"நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுறன்" என்று மூன்றாம் தரம் புவனமும் பஸ் ஏறினாள். போய் நின்றதும் நின்றபடியே சொல்லிவிட்டாள். "அண்ணை, குறை நினையாதேங்கோ. நீங்கள் தந்த தூளிலை உப்புக் கூட. கோழியளுக்குக் கால் ஏலாமல் போச்சு."

மரியதாஸ் கதிரையில் பொத்தென்று இருந்தான். பெரிய மூச்சு ஒன்று விட்டான்.

அன்று பின்னேரமே வந்து, ஈர உமியை எல்லாம் தானே அள்ளிக் கொட்டினான். காய்ந்த உமி பரப்பினோம். தீனியை மாற்றினோம். மெல்ல மெல்லப் புண் காய்ந்து, கோழிகள் எழுந்து நடந்தன. சில தப்பவில்லை, பல தேறினாலும் எடை வைக்கவில்லை. கலியாணப் பந்தியில் கோழிக்கறி கொஞ்சம்தான். மிச்சத்தை நண்டும் இறாலும் சமாளித்தன.

அது போகட்டும். அன்று கதிரையில் இருந்து பெருமூச்சு விட்ட கையோடு அவன் சொன்னதுதான் என்னை இன்னும் குடைகிறது.

"இவ்வளவுதானே மாஸ்ரர்? ரெண்டு தரம் வந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமல் முழுசிக்கொண்டு இருந்திட்டுப் போனியள்... மாப்பிள்ளையைப் பற்றி ஏதோ கேள்விப்பட்டிட்டியள் எண்டு நானும் மனிசியும் நித்திரையே கொள்ளேல்லை!"

அவன் மனம் நோகக்கூடாது என்றுதானே நான் வாயைத் திறக்காமல் இருந்தேன்?