கவர்னரின் கழுத்து இறகு

லூர்தம்மாளுக்கு மன்னிக்க வராது. சிலருக்குப் பாட வராது, சிலருக்கு நீந்த வராது, அந்த மாதிரி. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்கால் போடுவாள். "யார் மேலயாவது மனசுல கோபம் வச்சிருக்கியாம்மா?" என்று சாமியார் கேட்பார். "வச்சிருக்கேன் சாமி. அது பாட்டுக்கு இருக்கட்டும், அடுத்த பாவத்தக் கேளுங்க" என்பாள். காரைக்காலில் அவள் தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. அவள் காதுபடச் சிரித்த ஆளும் கிடையாது.

புருஷன் மரியசூசை சைகோனுக்குக் கப்பலேறிப் போய் அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனான். பிள்ளைகுட்டி இல்லை. வீட்டின் நடுவே சுவர் வைத்து, மேலண்டைப் பக்கம் இவளும், கீழண்டைப் பக்கம் கொழுந்தன் சந்தனசாமியும் அவன் பெண்டாட்டி இசபெல்லாவும் இருந்தார்கள். சந்தனசாமி கெட்டவன் இல்லை. ஆசைக்காரன். ஒன்றைப் பார்த்துவிட்டால் அது வேண்டும், அன்றைக்கே வேண்டும். இவள் கோயிலுக்குப் பூசை உடுப்புத் தைத்துப் பிழைத்தாள். தையல் அப்படி இருக்கும், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

அந்தத் தையலைப் பார்த்துத்தான் மதாம் அவளைக் கூப்பிட்டனுப்பினாள். மதாம் என்றால் அப்போது சுங்கத்தில் இருந்த ஒரு பிரெஞ்சுத் துரையின் சம்சாரம். மீன்பிடிப் பைத்தியம். புழு குத்த மாட்டாள், இறால் குத்த மாட்டாள். தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிதான் போடுவாள். சீமையிலிருந்து பெட்டி நிறையக் கொண்டுவந்ததைக் கரப்பான் அரித்துவிட்டது. "இப்படியே கட்டிக் கொடு" என்று மிச்சத்தை நீட்டினாள். லூர்தம்மாள் சாளரத்தில் செத்துக் கிடந்த ஒரு குளவியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டினாள். திருநாள் பூசை உடுப்புக்கு வந்த மஞ்சள் பட்டுநூல், துக்கப் பூசைக்கு வந்த கறுப்புப் பட்டுநூல், இரண்டிலும் மிஞ்சிய துண்டுகள். மஞ்சள் ஒரு சுற்று, கறுப்பு ஒரு சுற்று. குளவி என்றால் இடுப்பை நூல் நூலாக இறுக்க வேண்டும். தேனீ என்றால் வயிற்றுக்குள் பஞ்சு வைத்து உருட்டலாகக் கட்ட வேண்டும். தண்ணீரில் முழுகாமல் இருக்கக் கோயில் மெழுகுவர்த்தி மெழுகு. புங்கை பூக்கிற காலத்தில் தேனீ, ஆடிக்காற்றில் குளவி. அந்தந்தப் பருவத்தில் எது மரத்திலிருந்து தண்ணீரில் விழுகிறதோ அதைத்தான் மீன் நம்பும்.

பொய்ப்பூச்சியின் காலுக்கும் சிறகுக்கும் சேவல் கழுத்து இறகு வேண்டும். அதற்குத்தான் அவள் வளர்த்த சேவல், கவர்னர். தேன் நிறம், இறகின் நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு கோடு. அப்படி ஒரு சேவல் அந்தப் பக்கத்தில் வேறு எங்கும் இல்லை. அது நடக்கிற நடையைப் பார்த்து அவளே வைத்த பேர். தானாக உதிர்கிற இறகைத்தான் எடுப்பாள், பிடுங்க மாட்டாள். கொடி மாறி, துரைமார் கப்பலேறி, மதாமும் சக்கரத்தில் நூல் சுற்றிய தன் சுழல்தூண்டிலை இவளிடம் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். "எல்லாரும் போனா என்ன, நம்ம கவர்னர் கூரை மேலதான இருக்காரு" என்று லூர்தம்மாள் சொல்லிக்கொண்டாள்.

சந்தனசாமி பொய்ப்பூச்சியைப் பார்த்துவிட்டான். தானும் கட்ட வேண்டும் என்று ஆரம்பித்தான். "அண்ணி, நாலு இறகு கொடுங்களேன்."

"விழுந்தா தர்றேன் தம்பி."

"எப்ப விழும்?"

"அது கவர்னர் இஷ்டம்."

பெரிய சனிக்கிழமையிலிருந்து கவர்னரைக் காணோம். வேலியெல்லாம் தேடினாள், கீரியைத் திட்டினாள். மறுநாள் பாஸ்காத் திருநாள், ஆண்டவர் உயிர்த்த ஞாயிறு. தவக்காலம் முழுக்கக் கவுச்சி படாத நாக்கு. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இசபெல்லா ஒரு கிண்ணம் கறிக்குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். லூர்தம்மாள் எலும்பைக்கூட விடவில்லை. "உப்பு, உறைப்பு எல்லாம் எடுப்பா இருக்குடி" என்று வாயாரச் சொல்லியும் அனுப்பினாள்.

சில வாரம் கழித்து அரசலாற்றங்கரையில் சந்தனசாமி தூண்டிலோடு உட்கார்ந்திருந்தான். முள்ளில் அவன் கட்டிய குளவி. கோணல்மாணலாகத்தான் கட்டியிருந்தான். ஆனால் கால் தேன் நிறம், நடுவில் கறுப்புக் கோடு. அந்தப் பக்கம் வந்த லூர்தம்மாள் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். தான் எதைச் சப்பித் துப்பினோம் என்று அந்த நிமிஷம்தான் அவளுக்குத் தெரிந்தது.

"இறகு ஏது?"

"சந்தையில வாங்குன சேவலுங்க அண்ணி" என்றான், கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு.

அவள் அப்போதே கத்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். வீட்டுக்கு வந்து கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்தாள். கவர்னரைக் கொன்றதுகூட இருக்கட்டும், அதை என் வாயிலேயே போட்டு, என் வாயாலேயே நன்றாயிருக்கிறது என்று சொல்லவைத்தானே பாவி! இதற்குப் பதில் செய்யாமல் விட்டால் நான் லூர்தம்மாள் இல்லை என்று கறுவிக்கொண்டாள்.

ஆடியில் புதுத்தண்ணீர் வந்தது. பூவத்துப் பக்கம் ஒரு வாய்க்கால், மதகுக்குக் கீழே பள்ளம், அதில் ஒரு கிழட்டு விரால். போன வருஷம் அவளுடைய நல்ல குளவி ஒன்றை நூலோடு அறுத்துக்கொண்டு போன விரால் அது. அதன் மேலும் அவளுக்குத் தீராத ஆத்திரம் உண்டு. இந்த வருஷம் சோடியாகக் குஞ்சு காத்துக்கொண்டிருந்தது. சிவப்புச் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் தண்ணீரில் கொப்பளிக்கும், கீழே இரண்டும் நிற்கும். குஞ்சு காக்கிற விரால் பசிக்குக் கடிக்காது. கோபத்தில்தான் கடிக்கும். கிட்டே எது வந்தாலும் கடிக்கும்.

மதகடியில் நின்று போட ஒரே ஓர் இடம்தான். அந்த இடத்துக்கு நேர் பின்னால் ஒரு வடலிப்பனை. அந்த வருஷம் அதன் காய்ந்த மட்டைக்குள் பானை பருமனுக்குக் கதண்டு கூடு கட்டியிருந்தது. கதண்டு என்றால் சும்மா குளவி இல்லை, கொட்டினால் மாடே சாயும். லூர்தம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மதாம் சொல்லிக்கொடுத்த வீச்சில் நூல் முதலில் முதுகுக்குப் பின்னால் பறந்து நீளும், நீண்ட பிறகுதான் முன்னால் தண்ணீரில் போய் விழும். பின்னால் என்ன இருக்கிறதோ அதில் முள் மாட்டும்.

அன்று சாயங்காலம் சுவரோரம் நின்று, "தம்பி, பூவத்து மதகடியில அந்த விரால் குஞ்சோட நிக்குது. எனக்கு இடுப்பு வலி. நீங்க போய்ப் போடுங்க. மதகுக்கு இந்தண்டை, பனைக்கு முன்னாடி நின்னு போடணும்" என்றாள்.

சந்தனசாமிக்கு வாயெல்லாம் பல். "அண்ணிக்கு என் மேல கோபம் இல்லியே?"

"உங்க மேல எனக்கென்ன கோபம்?"

இசபெல்லா மட்டும் இந்தப் பதிலைக் கேட்டிருந்தால் புருஷனை வாசல்படி தாண்ட விட்டிருக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை. லூர்தம்மாள் முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கித் தாழம்புதருக்குள் உட்கார்ந்துகொண்டாள். சுழல்தூண்டிலையும் எடுத்துப் போயிருந்தாள். அவன் அலறிக்கொண்டு ஓடின பிறகு, ஆற அமர விராலைப் பிடித்துக்கொண்டு வரலாம் என்று எண்ணம். சந்தனசாமி வந்தான். சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றான். தோளிலிருந்து கோலை எடுத்தான்.

மூங்கில் கோல். நுனியில் கட்டிய நூல்.

ஆத்திரத்தில் அவளுக்கு அது நினைவில்லாமல் போயிற்று! சுழல்தூண்டில் அவள் ஒருத்தியிடம்தான், ஊரே மூங்கில் கோலில்தான் மீன் பிடிக்கிறது. அவன் எதற்குப் பின்னால் வீசப்போகிறான்? கோலை அப்படியே நீட்டினான். குளவியைக் குஞ்சுக் கூட்டத்தின் மேல் தொட்டும் தொடாமலும் ஆட்டினான். தண்ணீர் வெடித்தது. தொடை பருமன் விரால் ஒன்று கரையில் வந்து விழுந்து துடித்தது. அதன் வாயில் கவர்னரின் இறகு.

"அடப்பாவி! அது என் கவர்னருடா!" என்று புதரை விட்டு வெளியே வந்தாள்.

"அண்ணி! இடுப்பு வலின்னீங்க? பாருங்க, நீங்க சொன்ன எடத்துலதான் நின்னேன், நீங்க சொன்னபடியே ஆச்சு!"

அந்தச் சந்தோஷத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இன்னொரு விரால் குஞ்சுக்குக் கீழே சுழன்றுகொண்டிருந்தது. "நகரு!" என்று அவனைத் தள்ளிவிட்டு, அவன் நின்ற அதே இடத்தில் நின்று, தன் சுழல்தூண்டிலைத் தூக்கிப் பலங்கொண்ட மட்டும் பின்னால் வீசினாள். எதிலோ மாட்டியது. மட்டையாக இருக்கும் என்று வெடுக்கென்று இழுத்தாள். பின்னால் இரைச்சல் கேட்டபோதுதான் அது எந்த மட்டை என்று ஞாபகம் வந்தது.

சந்தனசாமி மீனைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அவளை இழுத்துக்கொண்டு வாய்க்காலில் குதித்தான். வேட்டியை அவிழ்த்து நனைத்து அவள் தலை மேல் மூடினான். தன் தலையை மூட வேட்டி போதவில்லை.

மாட்டு வண்டியில்தான் வீடு வந்து சேர்ந்தார்கள். லூர்தம்மாளுக்கு முகம் பூசணிக்காயாக வீங்கிக் கண் இரண்டும் மூடிவிட்டது. இசபெல்லா சுண்ணாம்பு தடவினாள். வெள்ளிக்கிழமை, கறி ஆகாது. கொண்டுவந்த விராலைத்தான் குழம்பு வைத்திருந்தாள். சோற்றைப் பிசைந்து ஓரகத்தியின் கையில் தட்டைக் கொடுத்தாள்.

"அந்தக் குளவி எங்க?" என்றாள் லூர்தம்மாள்.

சந்தனசாமி அதை அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"கவர்னர நான்தான் அறுத்தேன் அண்ணி" என்றான் அவன். வீங்கிய உதட்டில் வார்த்தை குழறியது. "புத்தி கெட்டுப்போச்சு. உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். பாவம், அந்தப் பனையில கதண்டு இருக்கிறதும் உங்களுக்குத் தெரியாம போச்சு."

அவன் அவளைப் பார்த்துப் பாவம் என்கிறான்! அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தெரியும்" என்றாள். "உங்களுக்காகத்தான் அங்க நிக்கச் சொன்னேன்."

இசபெல்லாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. சந்தனசாமி வீங்கிய உதட்டைத் தடவிக்கொண்டான். பிறகு, "அப்ப இத்தோட சரியாப் போச்சுல்ல அண்ணி?" என்றான்.

"எங்க சரியாப் போச்சு? சேவலத் தின்னதையாவது ஒரு நாள் விட்டுத் தொலச்சிருப்பேன். இப்ப என் உசுரையும்ல காப்பாத்தி வச்சிருக்கீங்க, அத எப்படி மன்னிக்கிறது?"

சொல்லிவிட்டு, கண் தெரியாமல் தட்டைத் தடவி, மீன் துண்டை எடுத்து வாயில் போட்டாள். முள்ளைக்கூட விடாமல் தின்றாள். நன்றாயிருக்கிறது என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.