ஒரு தட்டு என்றால் திற

அமோஸ் டக்வெல் ஒருமுறை மூடுபனியில் வழி தவறி, நிலக்கரி ஏற்றிய படகைக் கரைமேல் ஏற்றி, வயல் நடுவே ஓட்டி, அந்தப் பக்கத்துக் கால்வாயில் அலுங்காமல் இறக்கிவிட்டார் என்பார்கள். நான் நம்புகிறேன். ஒதுங்கி வழிவிட்ட மாடுகளில் ஒன்றை எனக்குத் தெரியும். அவர் மனைவி ரோசினாவிடம் கேட்டால் மட்டும் உதட்டைச் சுழிப்பாள். "அந்த மனுஷனுக்கு வயல் எது தண்ணி எதுன்னு என்னிக்குத் தெரிஞ்சுது? முன்னால நான் நின்னேன். அதனால வந்து சேர்ந்தோம்" என்பாள்.

முன்னால் நின்றவள் அவள்தான். இரண்டு பேருமே படகில் பிறந்தவர்கள். அவள் பிறந்தது பர்மிங்காமுக்குப் போகிற வழியில், மழையில், படகு நிற்காமலே. பள்ளிக்கூடம் என்பது கரையில் தெரிந்த ஒரு கட்டடம், அவ்வளவுதான். சுரங்கத்திலிருந்து தொழிற்சாலைக்குக் கரி ஏற்றிப் போனார்கள். சரக்கெல்லாம் லாரிக்குப் போனபிறகு, 'லாப்விங்' என்ற ஒல்லிப் படகை வீடாக்கிக்கொண்டு அதே தண்ணீரில் சுற்றினார்கள். சுக்கான் அமோஸுக்கு. லாக் ரோசினாவுக்கு.

கால்வாய் பள்ளத்துக்கு இறங்கும் இடத்தில், இரண்டு பக்கமும் கதவு போட்ட தொட்டி மாதிரி லாக் இருக்கும். படகை உள்ளே விட்டு, மேல்கதவைச் சாத்தி, கீழ்மதகைத் திறந்தால் தண்ணீர் வடிய வடியப் படகும் கூடவே இறங்கும். மதகைத் திருகித் தூக்குகிற இரும்புக் கைப்பிடியை ரோசினா எப்போதும் இடுப்புப் பட்டையில் செருகியிருப்பாள். கல்யாணத்தன்றும் செருகியிருந்தாள் என்று கேள்வி. மேல்கதவின் அடியில் கல்படி ஒன்று தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். இறங்குகிற படகின் பின்பக்கம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் முடிந்தது கதை: பின்பக்கம் மேலே தொங்கும், முன்பக்கம் தண்ணீரோடு கீழே போகும். அதைப் பார்த்துக்கொள்வது சுக்கான் பிடிப்பவரின் பாடு.

இன்ஜின் இரைச்சலில் கத்திப் பயனில்லை. அமோஸ் தகரக் குவளையால் கேபின் கூரையில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் திற. படபடவென்று தட்டினால் உடனே மூடு. ஐம்பது வருஷமாக ரோசினா பின்னால் திரும்பிப் பார்த்ததில்லை, காது பார்த்துக்கொண்டது. சண்டை போட்டுப் பேசாமலிருந்த நாட்களிலும் தட்டு மட்டும் நிற்காது. முத்தம் கேட்கவும் ஒரு கணக்கு இருந்ததாம். எத்தனை தட்டு என்று எவ்வளவு கிளறியும் என்னிடம் சொல்லவில்லை.

இலையுதிர்காலத்தில் அமோஸுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்து பின்கேபினில் கிடத்தினாள். அதற்கப்புறம் பழுதில்லாத இடக்கையையும் அவர் தூக்கிப் பார்த்தவர்கள் இல்லை. கண் மட்டும் அவள் பின்னாலேயே போகும். நன்றாக இருந்த காலத்தில் அடிக்கடி ஒன்று சொல்வார்: "கரையில சாகறதுக்கு நான் என்ன கோழியா?" அந்தச் சொல்லை ரோசினா பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் மகள் கிளெனிஸ், ஊருக்குள் பள்ளிச் சமையலறையில் வேலை பார்ப்பவள், முதியோர் விடுதியில் இடம் பார்த்து வைத்திருந்தாள். குளிர்காலம் முழுக்க ஒருவாறு தள்ளிப்போயிற்று. நிலையான இடம் இல்லாத படகுகள் ஓரிடத்திலேயே கிடக்கக் கூடாது என்பது கால்வாயின் சட்டம். நோயாளி இருக்கிறார் என்று பொறுத்திருந்த அலுவலக ஆள், வசந்தம் வந்ததும் வந்து, இனி நகர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கிளெனிஸுக்கு அது வசதியாகப் போயிற்று.

"நீங்க ரெண்டு பேருமா மூணு லாக்கும் இறங்கிக் கீழ போய்ச் சேருங்க. அப்புறம் நான் விடுதின்னு வாயே திறக்கமாட்டேன். முடியலைன்னா அப்பா என்கூட வர்றாரு" என்றாள்.

"ரெண்டு பேருன்னா, அவரையும் சேர்த்தா சொல்ற?"

"நீதானம்மா இன்னும் சேர்த்துக்கிட்டு இருக்க."

என் படகு அவர்கள் படகுக்குப் பின்னால் கட்டியிருந்தது. கூட வரட்டுமா என்று ரோசினாவிடம் கேட்டேன். யாராவது கை வைத்தால் மகள் அதையே பிடித்துக்கொள்வாள் என்றாள். என் அடுப்பில் கேக் கருகுகிறது, போய் அதைப் பார் என்றும் சொன்னாள். கருகத்தான் செய்தது.

அவள் கிளம்பிய காலை அழகாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். முள்வேலியெல்லாம் வெள்ளைப் பூ. வாத்து தன் குஞ்சுகளை ஊர்வலம் விட்டுக்கொண்டிருந்தது. மரங்கொத்தி ஒன்று விடிந்ததிலிருந்து டொக்கு டொக்கென்று வேலையிலிருந்தது. ரோசினா சுக்கானையும் பிடித்தாள், கரைக்கும் தாவினாள். முதல் லாக்கில் அவசரமில்லாமல் இறங்கிவிட்டாள். இரண்டாவதில் படகு முன்னால் நழுவிக் கீழ்க்கதவில் இடித்தது. உள்ளே அமோஸ் முனகுவது கேட்டது.

மூன்றாவது லாக்கில் அவருக்கு அந்த இடி படக் கூடாது என்று நினைத்தாள். படகு முன்னால் போகாதபடி, பின்கயிற்றைக் கரைக்கட்டையில் ஒரு சுற்று இழுத்துக் கட்டினாள். அன்பாகத்தான் கட்டினாள். பிறகு, ஐம்பது வருஷமாகச் செய்ததுபோல நேராக முன்னால் நடந்து, கீழ்மதகைத் தூக்கிவிட்டு, வடிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் பார்ப்பது அவள் வேலை அல்லவே. அது அவர் வேலை.

மரங்கொத்தி மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை விடாமல், படபடவென்று. என்ன அவசரமோ இதற்கு என்று நினைத்ததாக என்னிடம் சொன்னாள். அந்த ஒரு மூச்சு நேரம்தான். பிறகுதான் அவள் காதுக்கு உறைத்தது, அது மரத்தின் ஓசை இல்லை, தகரத்தின் ஓசை.

திரும்பினாள். கட்டிய கயிறு முன்னால் போகவிடாததில், படகின் பின்பக்கம் கல்படிமேல் உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் தலைகுப்புறச் சாய்ந்து, தண்ணீர் முன்தளத்தில் ஏறிக்கொண்டிருந்தது. கீழ்மதகைச் சட்டென்று விழவிட்டாள். கைப்பிடி சுழன்று மணிக்கட்டில் அடித்தது. ஓடிப்போய் மேல்மதகைத் திறந்து லாக்கில் மறுபடி தண்ணீர் விட்டாள். அந்த வயதில், அந்தக் கையோடு. படகு மெல்ல மட்டத்துக்கு வந்து, படியை விட்டு விலகி மிதந்தது.

உள்ளே போனாள். அமோஸ் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே கிடந்தார். அடுப்பிலிருந்த கெட்டில் கவிழ்ந்து, கொதிநீர் முழுக்க வலக்காலில் கொட்டியிருந்தது. தோல் உரிந்திருந்தது. உணர்ச்சியில்லாத கால், அவருக்கு அது தெரியவேயில்லை. இடக்கையில் குவளை.

"கேட்டுச்சுய்யா" என்றாள். "கேட்டுச்சு. மரங்கொத்தின்னு நெனச்சுட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு குவளையைத் தூக்கி அடுப்பின் இரும்பில் தட்டினார்.

ஒரு தட்டு.

திற என்கிறார். இந்த ஒரு கதவுதான் பாக்கி. இதைத் தாண்டினால் கிளெனிஸ் சொன்ன இடம், கிளெனிஸ் கொடுத்த வாக்கு. படகும் ஓடும் நிலையில்தான் இருந்தது. ரோசினா அவர் காலைப் பார்த்தாள். ஈரத்துணியைப் போர்த்தினாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குவளையை எடுத்தாள். கரையேறிப் பாலத்தின்மேல் நின்று போனில் மகளைக் கூப்பிட்டாள். அவர் தட்டி அவள் திறக்காத முதல் தடவை அது.

ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே கிளெனிஸ் வந்தாள். ஜெயித்தவள் மாதிரி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவின் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டாள். தூக்கிப் போகும்போது அமோஸ் மனைவியைப் பார்க்கவில்லை. படகையும் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு போனார்.

கால் ஆறவில்லை. மருத்துவமனையிலிருந்து விடுதிக்கு மாற்றினார்கள். அவருக்குக் கிடைத்த ஜன்னலில் கார் நிறுத்துமிடம் தெரிந்தது. ரோசினா தினமும் பஸ் ஏறிப் போவாள், இடுப்பில் அந்தக் கைப்பிடியோடு. இதோடு உள்ளே வரக் கூடாது என்று ஒரு நாள் யாரோ சொன்னார்கள். அதன்பிறகு கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு போனாள்.

ஒரு தடவை நானும் கூடப் போனேன். அமோஸ் கண்ணை மூடிக் கிடந்தார். கொஞ்ச நேரத்தில் இடக்கை எழும்பி, விரல்முட்டியால் கட்டில் கம்பியில் தட்டியது. ஒரு தட்டு. அங்கிருந்த பெண் ஓடிவந்து, தாத்தாவுக்குத் தண்ணி வேணும், தினமும் இப்படித்தான் கேக்கறாரு என்று உறிஞ்சு குழாயை அவர் வாயில் வைத்தாள். அவர் குடிக்கவில்லை. மோவாயில் வழிந்தது. அவள் துடைத்துவிட்டுப் போனாள்.

நான் ரோசினாவைப் பார்த்தேன். கோட்டுக்குள் கையை விட்டு எதையோ இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வேலிப் பூவெல்லாம் உதிர்வதற்குள் அவர் போய்விட்டார். கரையில்தான். லாப்விங் இன்னும் மூன்றாவது லாக்குக்கு மேலேதான் கட்டிக் கிடக்கிறது. கீழே இறக்கித் தருகிறோம் என்று அலுவலக ஆள் உட்பட எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள்.

"யார் தட்டுவா?" என்கிறாள்.