ஈரத் தரை

மேஸ்திரிக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும். முப்பது வருடமாகத் தரை போடுகிறவர். பூசிய சிமெண்ட் காய்வதற்குள் வீட்டுக்காரரோ பால்காரரோ நாயோ அதில் கால் வைக்காத நாளே கிடையாது. தொண்டை கிழியக் கத்திவிட்டு, மறுபடி குந்தி உட்கார்ந்து தடத்தைத் தேய்ப்பார்.

வெளியூருக்கு வேலைக்குப் போன மகள், தான் வளர்க்கும் டராண்டுலா என்ற பெரிய சிலந்தியை அவரிடம் விட்டுப் போயிருந்தாள். அதன் கண்ணாடிப் பெட்டிக்குத் தரை மாற்ற வேண்டுமாம். நம்ம தொழில்தானே என்று இறங்கினார். மணல் போட்டால் சிலந்தி தோண்டும் வளை சரிந்துவிடும் என்பது அவருக்கே தெரியும். ஜல்லியில் விழுந்தால் அதன் வயிறு கிழிந்துவிடும் என்று மகள் சொல்லியிருந்தாள். தேங்காய் நார்த்தூளையும் மண்ணையும் கலந்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, கரணையால் தேய்த்து, சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்தும் பார்த்துக்கொண்டார்.

திரும்ப உள்ளே விட்ட சிலந்தி, மூன்று நாளாகக் கண்ணாடிச் சுவரைவிட்டு இறங்கவே இல்லை. நம் வேலையிலேயே குறை காண்கிறதா என்று அவருக்குச் சுருக்கென்றது. மகளுக்குப் போன் போட்டார்.

"மண்ண கையில புடிச்சா தண்ணி சொட்டுதாப்பா?"

"சொட்டத்தான் செய்யும். தண்ணி விடாம எப்படிடி கலவை போடறது?"

"அய்யோ, அதுக்கு ஈரம் ஆகாதுப்பா. காயட்டும், தானா எறங்கும்."

போனை வைத்துவிட்டுப் பெட்டியின் முன் குந்தினார். எட்டுக் காலில் ஒன்றுகூடத் தரையில் படவில்லை.

"முப்பது வருஷமா கத்தறேன், ஒருத்தன் கேட்டதில்ல," என்றார் மெதுவாக. "நான் சொல்லாமலே ஒதுங்கி நின்னவ நீ ஒருத்திதாம்மா."